பெயிண்டும் எர்த்தும்: ஜவ்வாது மலையடிவாரத்து வண்டித் தொழில்

ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூருக்கு ஏறி இறங்கும் வண்டிகளுக்கு ஒயரிங் பார்த்துத்தான் எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறையாகச் சாப்பிடுகிறது. கடை திருப்பத்தூரில். அப்பா டைனமோ காலத்து ஆள். நான் தொழிலுக்கு வந்தபோது ஆல்டர்னேட்டர் வந்துவிட்டது. பக்கத்து ஷெட் பெயிண்டர் பாயுடையது. வாணியம்பாடிக்காரர். என் சின்ன வயதில் அவருக்கும் அப்பாவுக்கும் ஓயாமல் நடந்த வழக்கு ஒன்று உண்டு.

“பாய், எர்த் பாயின்ட் மேலயே பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்கீங்களே, லைட்டு எப்படி எரியும்?”

“நீங்க சுரண்டிவிட்ட இடத்துலதானே மேஸ்திரி அடுத்த மழைக்குத் துரு கிளம்புது? கஸ்டமர் என்னைத்தானே கேக்கறாரு?”

இரண்டு பேர் சொன்னதும் சரி. வீட்டில் ஒரு பல்பு எரிய இரண்டு ஒயர் வேண்டும். காரில் ஒன்றுதான் வரும். பல்பின் மறுமுனை பாடியில் சேரும்; அதுதான் எர்த். கரண்ட் அந்தத் தகடு வழியாகவே பேட்டரிக்குத் திரும்பும். காரின் உடம்பு முழுவதுமே ஒரு ஒயர். அதனால் எலக்ட்ரீஷியனுக்குப் பளபளவென்று வெறும் இரும்பு தெரியும் இடம் வேண்டும்; பெயிண்டருக்கு அப்படி ஓர் இடம்கூட இருக்கக் கூடாது. வண்டிப் பராமரிப்பின் வரலாற்றை யார் எழுதினாலும் பெயிண்டைத் தனியாக, ஒயரிங்கைத் தனியாக எழுதுகிறார்கள். என் அனுபவத்தில் இரண்டும் ஒரே தொழில்தான். இரண்டுக்கும் எதிரி ஒருவன்: தண்ணீர்.

இந்த இரண்டு வேலைக்கும் பிள்ளையார் சுழி போட்டவரும் ஒரே ஆள் என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங். கார் வந்த புதிதில் முன்னால் நின்று ஹேண்டில் சுற்றித்தான் இஞ்சினை எழுப்ப வேண்டும். எதிர்த்து உதைத்தால் கை முறியும். விளக்கு கார்பைடு கேஸில் எரிந்தது. 1912 மாடல் காடிலாக் காரில் கெட்டரிங் செய்த செல்ஃப் மோட்டார் வந்தது. அதோடு பேட்டரி, டைனமோ, மின்விளக்கு எல்லாம் ஒரே அமைப்பாக வந்து சேர்ந்தன. பிறகு அவர் ஜெனரல் மோட்டார்ஸின் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவரானார். அப்போது கார் கம்பெனிகளுக்குப் பெரிய தலைவலி பெயிண்ட். குதிரை வண்டிக்குப் பூசிய அதே வார்னிஷைக் கோட்டின் மேல் கோட்டாகப் பூசி, காயவைத்து, தேய்த்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். டூபான்ட் கம்பெனியும் கெட்டரிங்கின் ஆட்களும் சேர்ந்து நைட்ரோசெல்லுலோஸ் லேக்கரைக் காருக்குத் தோதாக்கினார்கள். 1923-ல் ஓக்லண்ட் கார்களில் நீல நிறத்தில் அது வெளிவந்தது. பெயர் டுகோ. வாரக்கணக்கு வேலை மணிக்கணக்கில் முடிந்தது. பெயரும் தங்கிவிட்டது, எங்கள் பக்கத்தில் வயதான பெயிண்டர்கள் ஸ்ப்ரே செய்யும் எந்தப் பெயிண்டையும் இன்றும் ‘டுகோ’ என்றுதான் சொல்கிறார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். 1940-களின் கடைசியில் மஹிந்திரா பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைக் கோக்கத் தொடங்கியது. 1957-ல் உத்தர்பாராவில் அம்பாசடர் வந்தது. 1961-ல் சென்னை பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். தொடங்கி டைனமோ, செல்ஃப், டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் இங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள். மலையடிவாரத்து ஒயரிங் கடைகளுக்கு உயிர் வந்தது அதற்குப் பிறகுதான். ஆர்மேச்சர், கார்பன் பிரஷ், புஷ் என்று உதிரியாகக் கிடைத்தால்தானே கழற்றி மாட்ட முடியும்?

மலைக்கு வண்டி போகக் காரணங்கள் அன்று குறைவு. பெரிய காரணம் சந்தனம். திருப்பத்தூரில் வனத்துறையின் சந்தனக் கிடங்கு இருந்தது; ஜவ்வாது மலைக் காட்டைக் காவல் காக்க ஜீப் ஓடியது. அடுத்தது வானம். கோடைக்கானலில் வானத்தைப் பார்க்க மேகம் தொல்லை கொடுத்ததால் வேறு இடம் தேடிய வானியலாளர் வேணு பாப்பு, சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கும் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1968-ல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு அங்கே வேலை தொடங்கியது. 1972-ல் ஜெர்மனியின் கார்ல் ஜெய்ஸ் செய்த ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் புளியும் தேனும் கடுக்காயும் தலைச்சுமையாக இறக்கிய பாதையில் ஜீப்பும் லாரியும் அடிக்கடி தென்பட ஆரம்பித்தன.

பழைய வில்லிஸ் ஜீப் 6 வோல்ட். அதில்தான் அப்பா தொழில் கற்றார். 6 வோல்ட் வண்டியில் எர்த் கெட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டே காட்டலாம். இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து 72 வாட் என்று வையுங்கள். 6 வோல்ட்டில் 12 ஆம்பியர் ஓட வேண்டும். 12 வோல்ட்டில் 6 ஆம்பியர் போதும். எர்த் போல்ட்டுக்கு அடியில் கொஞ்சம் துரு, அதன் மேல் ஒரு கோட்டு பெயிண்ட். அந்த இடத்தில் ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை வந்துவிட்டதாகக் கொள்வோம். 12 வோல்ட் வண்டியில் அரை வோல்ட் சொச்சம் போகும், கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. 6 வோல்ட் ஜீப்பில் ஒரு வோல்ட் போய்விடும். வெளிச்சம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். டிரைவர் பல்பு போய்விட்டது என்று பல்பை மாற்றுவார், பேட்டரி போய்விட்டது என்று பேட்டரியை மாற்றுவார். அப்பா ஒரு டெஸ்ட் லேம்பும் ஓர் உப்புத்தாள் துண்டும் எடுத்துக்கொண்டு போய் போல்ட்டைக் கழற்றி, வெள்ளி போல மின்னும் வரை தேய்த்து, முடுக்கிவிட்டு, மேலே கிரீஸ் தடவிவிட்டு வருவார்.

அம்பாசடர் வேறு மாதிரிச் சோதித்தது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வாரிசு அது. பிரிட்டிஷ் வழக்கப்படி ஆரம்ப வண்டிகளில் பாசிட்டிவ் எர்த். அதாவது பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியில் சேரும். அதனால் டெர்மினலில் பச்சை பூப்பது குறையும் என்று அன்றைய என்ஜினியர்கள் நம்பினார்கள். பல்புக்கு எந்தப் பக்கம் வந்தாலும் ஒன்றுதான். டிரான்சிஸ்டர் ரேடியோ அப்படி இல்லை. நெகட்டிவ் எர்த் ஜீப்பிலிருந்து கழற்றிய ரேடியோவை அப்படியே அம்பாசடரில் மாட்டினால் புகைதான் வரும். ஆல்டர்னேட்டர் வந்ததும் இதே வில்லங்கம் டயோடுக்கு வந்தது. கடைசியில் உலகமே நெகட்டிவ் எர்த்துக்கு மாறியது. ஆனாலும் ஒரு பழைய வண்டி வந்தால் முதலில் எந்த முனை பாடியில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். இதை அப்பா எனக்குச் சொன்ன முதல் பாடம் என்றே சொல்லலாம்.

மலையில் டைனமோவுக்கு இன்னொரு குறை. இஞ்சின் மெதுவாக ஓடினால் அது சார்ஜ் கொடுக்காது. ஏறும்போது முதல் கியரில் இஞ்சின் கத்திக்கொண்டு ஓடும், பிரச்சினை இல்லை. இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு வருவார்கள். ஆபத்தான பழக்கம், பலர் செய்தார்கள். ஹெட்லைட் எரிந்துகொண்டிருக்கும், ஆம்பியர் மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாய்ந்தே கிடக்கும், ஆலங்காயம் சேர்வதற்குள் விளக்கு மஞ்சளாகிவிடும். மறுநாள் காலையில் ‘செல்ஃப் எடுக்கல’ என்று தள்ளிக்கொண்டு வருவார்கள்.

பாயின் பக்கத்துக் கதை மழையோடு சம்பந்தப்பட்டது. என்.சி. பெயிண்ட் என்று அவர் சொன்ன அந்த டுகோ வகையை ஈரக்காற்றில் அடிக்கக் கூடாது. தின்னர் சட்டென்று ஆவியாகும்போது தகட்டைக் குளிரவைக்கும். காற்றிலிருக்கும் ஈரம் அங்கே படிந்து, பாலாடை போல வெள்ளை பூத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மலையிலிருந்து மேகம் இறங்கி நிற்கும் நாட்களில் பாய் ஸ்ப்ரே கன்னைத் தொடவே மாட்டார். அந்த மாதங்களில் டிங்கரிங், பட்டி வைத்து இழைப்பது, வாட்டர் பேப்பர் போடுவது மட்டும்தான். வெயில் முகம் காட்டிய பிறகு கலர். பிறகு ரப்பிங் காம்பவுண்ட், கடைசியில் வேக்ஸ் பாலிஷ். கலர் சேர்ப்பது கண் கணக்கு. பழைய வண்டியின் பெட்ரோல் மூடிக்குள் வெயில் படாத இடத்தைப் பார்த்து அசல் நிறத்தைக் கண்டுபிடித்து, வெளுத்த நிறத்துக்குத் தகுந்தபடி கலக்குவார்.

துருவுக்கு அவர் செய்த மருந்தைத்தான் நான் மறக்க மாட்டேன். மலையிலிருந்து இறங்கும் கடுக்காய் வாணியம்பாடி, ஆம்பூர் தோல் ஷாப்புகளுக்குப் போன சரக்கு. அதிலுள்ள டானின்தான் தோலைப் பதப்படுத்துகிறது. கடுக்காயை நைத்து ஊறவைத்த தண்ணீரை, பிரஷ் போட்டுத் தேய்த்த துருவின் மேல் பாய் பூசுவார். கொஞ்ச நேரத்தில் சிவப்புத் துரு நீலம் பாய்ந்த கறுப்பாகிவிடும். டானின் இரும்போடு சேர்ந்து கறுப்பு உப்பாகிறது. அந்தக் காலத்தில் கடுக்காயிலிருந்து மை காய்ச்சியதும் இதே வேதியியல்தான். அந்தக் கறுப்பு காய்ந்த பிறகு ரெட் ஆக்சைடு அடிப்பார். இன்று ‘ரஸ்ட் கன்வெர்ட்டர்’ என்று பாட்டிலில் வருகிறதே, அவற்றில் பலவற்றில் இருப்பது இந்த டானிக் அமிலம்தான். வாணியம்பாடிக்காரருக்கு அது கைமருந்து.

பெயிண்டும் ஒயரிங்கும் சந்திக்கும் இன்னொரு இடம் ஹெட்லைட் ரிஃப்ளெக்டர். ஆதியில் அதற்கு வெள்ளி முலாம் பூசினார்கள், வெள்ளி கறுத்துப்போகும். வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைக்கும் முறை 1930-களில் வளர்ந்தது. 1935-ல் மவுண்ட் வில்சனின் 100 அங்குலத் தொலைநோக்கிக் கண்ணாடிக்கு அப்படித்தான் பூசினார்கள். ஹெட்லைட்டுக்கும் அதுவே வந்தது. 1986 ஜனவரி 6-ல் ராஜீவ் காந்தி காவலூரில் திறந்துவைத்து வேணு பாப்புவின் பெயரைச் சூட்டிய 2.34 மீட்டர் தொலைநோக்கியின் கண்ணாடிக்கும் அதே அலுமினியப் பூச்சுதான். அது மங்கினால் மறுபடி பூசும் வெற்றிடக் கலமும் அங்கேயே இருக்கிறது. மலையேறும் ஜீப்பின் நெற்றியில் இருந்ததும் மலையுச்சிக் கண்ணாடியில் இருப்பதும் ஒரே வகைப் பூச்சு என்று நினைத்தால் இன்றும் எனக்குப் புல்லரிக்கும். ரிஃப்ளெக்டரைத் துணியால் துடைக்கவே கூடாது. அந்தப் படலம் அவ்வளவு மெல்லிசு; துடைத்தால் வெளிச்சமும் சேர்ந்து போய்விடும். ஈரம் உள்ளே போகாமல் ரப்பர் வளையத்தை மாற்றுவதுதான் வழி.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. ஆல்டர்னேட்டர், நெகட்டிவ் எர்த், மெல்லிசான தகடு. இந்த இடத்தில் கார் தொழிற்சாலைகளில் பெயிண்ட் அடிக்கும் முறையில் நடந்த மாற்றத்தைச் சொல்லியாக வேண்டும். 1970-களின் நடுவிலிருந்து உலகெங்கும் பரவிய முறையில், பாடியை நெகட்டிவ் முனையாக்கிப் பெயிண்ட் தொட்டியில் முக்குகிறார்கள். கரண்டே பெயிண்டை இழுத்து இண்டு இடுக்கெல்லாம் ஒட்டவைக்கிறது. அப்பாவும் பாயும் வாழ்நாள் முழுக்க எதற்காக வாதாடினார்களோ, அது அந்தத் தொட்டிக்குள் தீர்ந்துவிட்டது. எர்த் போல்ட் வரும் இடத்தை மட்டும் கம்பெனியே பெயிண்ட் ஒட்டாமல் விட்டுவைக்கிறது.

ஆனால் ஒரு முறை அடிபட்டு ரீபெயிண்ட் ஆன வண்டியில் பழைய வழக்கு மறுபடி தலைதூக்கும். இன்றும் ஒரு லைட் மங்கலாக எரிந்தால், இண்டிகேட்டர் போட்டால் பார்க்கிங் லைட்டும் சேர்ந்து மினுக்கினால், நான் முதலில் கேட்பது, “அண்ணா, சமீபத்துல பெயிண்ட் வேலை செஞ்சீங்களா?” என்பதுதான். பெரும்பாலும் ‘ஆமாம்’ என்று பதில் வரும்.

பாய் இப்போது இல்லை. அப்பா தொழிலை விட்டு நாளாகிவிட்டது. அவர்கள் கைக்கு அத்துப்படியானவை எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. அப்பாவின் நோட்டில் எந்த ஜீப்புக்கு எந்த நிற ஒயர் எங்கே போகிறது என்று பென்சில் படம் இருக்கிறது. ஓரத்தில் பாய் சொன்ன கலர் கலவைக் கணக்கும் இருக்கிறது. திருப்பத்தூர், ஆலங்காயம், போளூர், செங்கம் பக்கத்துப் பழைய ஷெட்டுகளில் இப்படி எத்தனையோ நோட்டுகள் கிடக்கும். உங்கள் வீட்டுப் பெரியவர் மெக்கானிக்காகவோ பெயிண்டராகவோ எலக்ட்ரீஷியனாகவோ இருந்தவர் என்றால், அவர் பெட்டியிலிருக்கும் நோட்டை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அவர் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து, அதில் எழுதியிருப்பது என்ன என்று கேட்டு எழுதி வையுங்கள்.