ணகாரமும் ஸம்ஜ்ஞையும்: நாராயண சப்த விசாரம்

உபநிஷத்துகளின் காரண வாக்கியங்கள் உலகப் படைப்புக்கு முன் இருந்த பொருளை ஓரிடத்தில் ‘ஸத்’ என்றும், ஓரிடத்தில் ‘ஆத்மா’ என்றும், ஓரிடத்தில் ‘நாராயணன்’ என்றும் கூறுகின்றன. பொதுச்சொல் சிறப்புச்சொல்லில் சென்று முடியவேண்டும் என்பது மீமாம்ஸகரின் சாகபசு நியாயம். சிறப்புச்சொல் எது என்பதிலேயே சைவ வைஷ்ணவ வாதம் மூண்டது. ‘நாரங்களுக்குப் புகலிடம்’ என்று உறுப்புப் பொருள் மட்டுமே கொண்டால் நாராயண சப்தமும் பொதுச்சொல்லாகிச் சிவபெருமானுக்கும் பொருந்திவிடும். அவ்வழியை அடைத்து நிற்பது ஓர் எழுத்து. ணத்வத்தையே பொருளாகக் கொண்டு தனி வாத நூல்கள் எழுந்தது அதனால்தான்.

ரேபத்துக்குப் பின்வரும் நகாரம் ணகாரமாவதற்கு இரண்டும் ஒரே பதத்தில் இருத்தல் வேண்டும் என்பது பாணினியின் பொதுவிதி. ஸமாஸத்தில் ரேபம் பூர்வபதத்திலும் நகாரம் உத்தரபதத்திலும் நின்றால் மாற்றமில்லை. 8.4.3ஆம் ஸூத்ரம் இதற்கு விலக்கு: அந்த ஸமாஸம் ஸம்ஜ்ஞையாயின் ணகாரம் வரும். முதல் ஸூத்ரத்தின் ‘வ்ருத்தி’ போன்ற சாஸ்திரக் குறியீடும் ஸம்ஜ்ஞைதான். இங்கே கருதப்படுவதோ உலகில் வழங்கும் பெயர். காசிகை காட்டும் உதாரணங்களுள் ஒன்று சூர்ப்பணகை. முறம்போன்ற நகமுடையாள் எவளுக்கும் ஆகாத ணகாரம் இராவணன் தங்கைக்கு ஆயிற்று. தமிழும் அவ்வெழுத்தைக் கைவிடவில்லை.

ஸம்ஜ்ஞை என்றதனால் உறுப்புப் பொருள் ஒழிந்தது என்பதன்று. சேற்றில் பிறப்பன பல இருந்தும் ‘பங்கஜம்’ தாமரையையே குறிக்கிறது, இது யோகரூடி. ஆகவே முமுக்ஷுப்படியில் பிள்ளை லோகாசாரியர் நாரம், அயனம் எனப் பிரித்துப் பொருள் விரித்தது ணத்வ வாதத்தோடு முரணாது.

வலிய பூர்வபக்ஷம் வேறொன்று. 4.1.99ஆம் ஸூத்ரப்படி ‘நர’ சப்தத்தின்மேல் ‘பக்’ பிரத்யயம் சேர்ந்தாலும் ‘நாராயண’ என்றே வடிவம் அமையும். அங்கே பதம் ஒன்றே, பொதுவிதியாலேயே ணகாரம் வந்துவிடும், ஸம்ஜ்ஞை வேண்டுவதில்லை. ஆனால் அப்போது பொருள் ‘நரனின் வழித்தோன்றல்’ என்றாகும். எவரும் இல்லாதபோது தனித்திருந்தவனைச் சொல்லும் வாக்கியத்தில் அப்பொருள் நில்லாது.

எஞ்சிய வினா, அது யாருடைய பெயர் என்பது. இதற்கு வியாகரணம் விடை தாராது. ணகாரம் ஒன்றே அனைத்தையும் ஸாதித்துவிடும் என்போர் ஸூத்ரத்தின்மேல் அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுகின்றனர். வழக்கும் நிகண்டுமே இங்குச் சான்று. அமரகோசம் விஷ்ணுவின் பெயர்களுள் இரண்டாவதாக இச்சொல்லை வைக்கிறது. பிரமனுக்கும் விஷ்ணுவுக்கும் முன்பாகப் புத்தன் பெயர்களை அடுக்கிய அமரஸிம்ஹனை வைஷ்ணவப் பக்ஷபாதி என்று எவரும் கூறார்.