வயிற்று நோவின் வரலாறு



வரலாறு என்றவுடன் போர்களும் ஆட்சியாண்டுகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. மனிதர் பட்ட நோவுக்கும் ஒரு வரலாறு உண்டு. வெளியே புண் தெரியாத வயிற்று நோவின் வரலாற்றையே இன்று சொல்ல விழைகிறேன். அதற்கு எனக்குச் சொந்தக் காரணமும் ஒன்று உண்டு.

காரைக்காற் பகுதிப் பள்ளியொன்றில் நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரே பாடவேளையில் இரண்டு மூன்று முறை வெளியே செல்ல அனுமதி கேட்பான். படிப்புக்கு அஞ்சி நடிக்கிறான் என்று முடிவு செய்த நான், ஒரு நாள் அனுமதி மறுத்தேன். அன்று வகுப்பறையில் அவனுக்கு நேர்ந்த அவமானத்தை விவரிக்க வேண்டியதில்லை. மறுநாள் அவனுடைய தாயார் வந்தார். “அவன் பொய் சொல்கிற பிள்ளை இல்லை, ஐயா, இரத்தமாகப் போகிறது” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பின்னர்ப் புதுச்சேரியில் மருத்துவர்கள் ஆராய்ந்து, அவன் பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் இருப்பதைக் கண்டனர்.

காரைக்காலிலிருந்து புதுச்சேரி ஏறத்தாழ 130 கிலோமீட்டர். இரண்டும் ஓர் ஆட்சியின் கீழ் இருப்பினும், இடையே தமிழ்நாட்டைக் கடந்தே செல்லவேண்டும். அத்தனை தொலைவு பேருந்தில் அப்பிள்ளை எப்படி அமர்ந்திருப்பான் என்று எண்ணும்போதெல்லாம், அவ்வழியில் உள்ள கடலூரில் முன்னொரு காலத்தில் துடித்த மற்றொருவர் என் நினைவுக்கு வருவார்.

அவர்தாம் ஏழாம் நூற்றாண்டினரான திருநாவுக்கரசர். இன்று கடலூரின் பகுதியாக விளங்கும் திருப்பாதிரிப்புலியூரில், தருமசேனர் என்னும் பெயருடன் சமண முனிவராக அவர் வாழ்ந்தபோது, கொடிய சூலை நோய் பற்றியது என்று சேக்கிழாரின் பெரியபுராணம் கூறுகிறது. உடனிருந்தோர் மந்திரித்தனர், மயிற்பீலியால் தடவினர், நோவு தணியவில்லை. இரவோடிரவாகத் திருவதிகைக்குத் தமக்கையார் திலகவதியாரிடம் சென்றார். விட்டுச் சென்ற தம்பியை அவர் கடிந்துகொள்ளவில்லை; ஏற்றுக்கொண்டார். அங்கே பிறந்ததே முதற் பதிகம். இவரே பின்னாளில் நம் திருநள்ளாற்றையும் பாடியவர்.

அந்தச் சூலை இன்றைய எந்த நோய் என்று 1,300 ஆண்டுகளுக்குப் பின் தீர்ப்புக் கூற இயலாது. ஆயினும் அப்பதிகத்தை ஒரு நோயாளியின் சொல்லாக நோக்குங்கள். நோவு வயிற்றினுள்ளே குடலைப் பிணித்து முறுக்குவதை அவர் சொல்கிறார். இதற்கெனத் தாம் செய்த கொடுமை இன்னதென்று அறியேன் என்றும் சொல்கிறார். ‘நான் என்ன தவறு செய்தேன்?’ என்னும் இக்கேள்வி நோயுற்றோரை எக்காலத்தும் வாட்டியிருக்கிறது.

மருத்துவ நூலோரும் இதற்கு விலக்கல்லர். 1859-இல் லண்டன் மருத்துவர் சாமுவேல் வில்க்ஸ், பெருங்குடல் அழற்சி சீதபேதியினின்று வேறானது என்று காட்டினார். 1932-இல் நியூயார்க்கில் குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் ஆகிய மூவரும் சிறுகுடலின் கடைப்பகுதியைத் தாக்கும் அழற்சியை விவரித்தனர். அது குரோன் நோய் எனப் பெயர் பெற்றது. இவ்வளவு கண்ட பின்னரும், 1950-ஐ ஒட்டிய காலத்தில், பிரான்ஸ் அலெக்சாந்தர் போன்ற அறிஞர்கள் பெருங்குடல் அழற்சியை மனப் போராட்டத்தால் விளையும் நோய்களுள் ஒன்றாக வைத்தனர். பழி மீண்டும் நோயாளியின் தலையிலேயே விழுந்தது.

1955-இல் ஆக்ஸ்போர்டில் ட்ரூலவ், விட்ஸ் என்னும் இரு மருத்துவர்கள், கார்ட்டிசோன் மருந்து இந்நோயின் கடுமையைத் தணிப்பதை முறையான சோதனையால் நிறுவினர். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே நெறி பிறழ்ந்து குடலைத் தாக்குகிறது என்பதை இன்று அறிவோம். பரம்பரைக் கூறு, குடலில் வாழும் நுண்ணுயிர்கள், சூழ்நிலை ஆகியவை அதில் பங்கு கொள்கின்றன. இது தொற்று நோயன்று. ஒழுக்கக் கேட்டின் விளைவுமன்று. நம் நாட்டில் குடற்காச நோயும் குரோன் நோயைப் போலவே தோன்றுவதால், தேர்ந்த மருத்துவரின் ஆராய்ச்சி இன்றியமையாதது. இந்நோய் சில காலம் அடங்கும், மீண்டும் எழும். அடங்கிய காலத்திலும் மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்தலாகாது.

என் மாணவனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை, ஐயா” என்றான். அவனுக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்? அதன் பின் ஓய்வு பெறும் வரை, எழுந்து வாயிலை நோக்கிய எந்தப் பிள்ளையிடமும் நான் காரணம் கேட்டதில்லை. ஏமாற்றிச் சென்றவர் சிலர் இருக்கலாம். அந்த நட்டம் சிறிது.

மாணவர்களே, உங்களுள் எவருக்கேனும் இரத்தப் போக்கோ நீங்காத வயிற்று நோவோ இருப்பின், நாணி மறைக்காதீர்கள், பெற்றோரிடம் சொல்லுங்கள். அடுத்த இருக்கையில் உள்ளவன் ‘வலிக்கிறது’ என்றால் சிரிக்காதீர்கள். நோயை மருத்துவர் கண்டறிவார். அதற்கு முன் அவன் சொல்லை நம்ப ஒருவர் வேண்டும். அந்த ஒருவராக இருக்க நான் தவறினேன், நீங்கள் தவறாதிருங்கள்.