தழும்பும் சரக்கும்

பங்க் இசையின் வரலாற்றைப் பாடல் வரிகளில் மட்டுமே தேடுகிறோம். மேடைக் கருவிகளும் வரலாறு பேசும் என்பது என் கட்சி. லண்டனின் 'தி க்ளாஷ்' குழுவை எடுத்துக்கொள்வோம். ஜோ ஸ்ட்ரம்மர் வைத்திருந்தது 1966ஆம் வருஷத்து ஃபெண்டர் டெலிகாஸ்டர் கிட்டார். அதன் பளபளப்பின் மேல் கார் பெயின்ட்டை அடித்துக் கறுப்பாக்கினார். வாசிக்க வாசிக்க அதுவும் உரிந்தது. பால் சிமனன் வாசிக்கத் தெரியாமலேயே குழுவுக்குள் வந்தவர். பேஸ் கிட்டாரின் கழுத்திலேயே சுரங்களின் பெயரை எழுதிவைத்துப் பழகினார். வித்தை கைவந்தவனுக்கே மேடை என்கிற அதிகாரம் உடைபட்ட இடம் இது.

1979 செப்டம்பரில் நியூயார்க் பலேடியம் அரங்கில் ரசிகர்களை இருக்கையைவிட்டு எழவிடவில்லை காவலாட்கள். ஆத்திரத்தில் சிமனன் தன் பேஸைத் தரையில் அடித்து நொறுக்கினார். பென்னி ஸ்மித் எடுத்த அந்தப் புகைப்படம்தான் 'லண்டன் காலிங்' இசைத்தட்டின் அட்டை.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். 2002இல் ஸ்ட்ரம்மர் இறந்தார். 2007இல் ஃபெண்டர் கம்பெனி அவர் கிட்டாரை, உரிந்த பெயின்ட்டோடு சேர்த்தே, நகலெடுத்து விற்றது. 2019இல் உடைந்த பேஸ் லண்டன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தது. கலகத்தின் தழும்பையும் மூலதனம் சரக்காக்கிவிடுகிறது. அதற்காக நாம் ஒப்பாரி வைக்க வேண்டியதில்லை. தெரியாதவனும் மேடையேறிக் கற்றுக்கொள்ளலாம் என்று சிமனன் காட்டினாரே, அது இன்னும் கடைக்கு வரவில்லை.