ஹிரொனொபு சகாகுச்சி: ஸ்கொயருக்குப் பிந்தைய காலம்

ஜப்பானிய வீடியோ கேம் படைப்பாளர் ஹிரொனொபு சகாகுச்சி (பிறப்பு: 25 நவம்பர் 1962, ஹிட்டாச்சி நகரம்), 'ஃபைனல் ஃபேன்டஸி' என்ற ரோல்-பிளேயிங் கேம் தொடரைத் தோற்றுவித்தவர். யோகோஹாமா தேசியப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, 1983இல் ஸ்கொயர் நிறுவனத்தில் சேர்ந்தார். நின்டெண்டோவின் ஃபேமிகாம் கருவிக்கு 1987 டிசம்பரில் வந்த முதல் பாகம் தொடங்கி ஐந்தாம் பாகம் வரை அவரே இயக்கினார். 1997இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த ஏழாம் பாகத்துக்குத் தயாரிப்பாளராக இருந்தார். ஜப்பானிய ரோல்-பிளேயிங் கேம்களை உலகச் சந்தைக்குக் கொண்டுசென்றதில் அந்தப் பாகத்துக்குப் பெரும் பங்குண்டு. ஸ்கொயரை விட்டு விலகிய பிறகான அவரது இருபது ஆண்டுகளைச் சரிவுக் காலம் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அக்காலத்தில் அவர் செய்த வேலையை எடுத்துப் பார்த்தால் இந்த முடிவு நிற்பதில்லை. அவரிடம் கற்பனை வற்றவில்லை. ஒரு படைப்பின் மேல் அடுத்ததைக் கட்டி எழுப்பத் தேவையான நிலையான குழுவும் உரிமையும் சந்தையும் அவருக்கு ஒருசேர அமையவில்லை.

விலகலுக்குக் காரணம் ஒரு திரைப்படம். ஹொனலூலுவில் தனி ஸ்டுடியோ அமைத்து, முழுவதும் கணினி வரைகலையில் அவர் இயக்கிய 'ஃபைனல் ஃபேன்டஸி: தி ஸ்பிரிட்ஸ் விதின்' 2001 ஜூலையில் வெளியானது. ஏறத்தாழ 13.7 கோடி டாலர் செலவான அந்தப் படம் உலகெங்கும் சேர்த்து 8.5 கோடி டாலர் அளவுக்கே வசூலித்தது. ஸ்டுடியோ மூடப்பட்டது, சகாகுச்சி நிர்வாகப் பொறுப்பிலிருந்து இறங்கினார். 2003இல் எனிக்ஸ் நிறுவனத்துடன் ஸ்கொயர் இணைந்த சமயத்தில் நிறுவனத்தையும் விட்டு வெளியேறினார். இந்த இழப்பில் அவருக்குப் பொறுப்பில்லை என்று யாரும் வாதிட முடியாது. ஆயினும் அது திரைப்படத் துறையில் எடுத்த தவறான முடிவு. கேம் வடிவமைப்பில் அவருக்கிருந்த ஆற்றலுக்கு அதை அளவுகோலாக்குவது பொருந்தாது.

2004இல் அவர் தொடங்கிய மிஸ்ட்வாக்கர் சிறிய நிறுவனம். கதையும் வடிவமைப்பும் அங்கே உருவாகும். பெருமளவு தயாரிப்பு வேலையை வெளி ஸ்டுடியோக்கள் செய்யும். பணம் போடுபவர் இன்னொருவர். ஜப்பானில் தன் கேம் கருவியான எக்ஸ்பாக்ஸை ஊன்றச் செய்ய விரும்பிய மைக்ரோசாஃப்ட் இரண்டு கேம்களுக்கு முதலீடு செய்தது. ஆர்டூன் தயாரித்த 'புளூ டிராகன்' 2006 டிசம்பரிலும், ஃபீல்பிளஸ் தயாரித்த 'லாஸ்ட் ஒடிஸி' அதற்கு அடுத்த டிசம்பரிலும் ஜப்பானில் வெளிவந்தன. முதலாவதற்குப் பாத்திரங்களை வரைந்தவர் புகழ்பெற்ற மங்கா ஓவியர் அகிரா தொரியாமா. இரண்டுக்கும் இசை, ஃபைனல் ஃபேன்டஸியின் இசையமைப்பாளர் நொபுவோ உவேமட்சு. இத்தனை இருந்தும், ஜப்பானில் மிகக் குறைந்த வீடுகளிலேயே இருந்த கருவிக்காக அவை செய்யப்பட்டன. அவரது பெயரைக் கேட்டாலே வாங்கக்கூடிய ரசிகர்களில் பெரும்பாலோரிடம் அந்தக் கருவி இல்லை. 'கிரை ஆன்' என்ற மற்றொரு கேமை, அதை வெளியிடவிருந்த ஏ.க்யூ. இன்டராக்டிவ் 2008 இறுதியில் கைவிட்டது. தயாரிப்பும் முதலும் பிறர் கையில் இருந்தால் ஒரு படைப்பு எப்படிப் பாதியில் நின்றுபோகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

அவரது பாணி பழையதாகிவிட்டது என்பது அடிக்கடி சொல்லப்படும் எதிர்வாதம். 'லாஸ்ட் ஒடிஸி'யில் போர்முறை பழையதுதான். மாறிமாறித் தாக்கும் வழக்கமான முறை. ஆனால் அதன் நாயகன் கைம் ஆயிரம் ஆண்டு வாழ்ந்து, நினைவை இழந்தவன். அவனுடைய நினைவுகள் திரும்பும்போது திரையில் காட்சி ஓடுவதில்லை. நவோக்கி பரிசு பெற்ற எழுத்தாளர் கியோஷி ஷிகெமட்சு எழுதிய சிறுகதைகள், இசையின் பின்னணியில் வரிவரியாகத் தோன்றுகின்றன. அவற்றுள் ஒன்றில், படுக்கையை விட்டு எழ முடியாத ஒரு விடுதிக்காரர் மகளுக்கு, தான் பயணத்தில் கண்டவற்றைக் கைம் கதையாகச் சொல்கிறான்; அவளுக்கு வெளியுலகம் அவன் வாய்ச்சொல் மட்டுமே. பெருஞ்செலவில் உருவான ஒரு கேம், ஆட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டு ஆடுபவரை வாசிக்கச் சொன்ன துணிச்சல் அது. பழமையில் உறைந்தவர் செய்யும் காரியமல்ல. 2011இல் நின்டெண்டோவின் வீ கருவிக்கு அவரே இயக்கிய 'தி லாஸ்ட் ஸ்டோரி' பழைய போர்முறையையும் விட்டு நேரடி மோதலுக்கு மாறியது. அது வட அமெரிக்காவில் வெளிவரவே ரசிகர்கள் இயக்கம் நடத்த வேண்டியிருந்தது.

இன்னொரு எதிர்வாதம் இதைவிடக் கனமானது: ஃபைனல் ஃபேன்டஸி தனிமனிதர் சாதனை அல்ல, ஓவியர் யோஷிதக்கா அமானோ, இயக்குநர் யோஷினோரி கிதாசே, உவேமட்சு முதலானோர் சேர்ந்து செய்தது. உண்மை. இங்கே சொல்லும் வாதத்துக்கும் இதுவே வலு சேர்க்கிறது. ஸ்கொயரில் ஒரு பாகத்தில் கற்றதைக்கொண்டு, பெரும்பாலும் அதே ஆட்கள் அடுத்த பாகத்தைச் செய்தார்கள். மிஸ்ட்வாக்கரில் கூட்டாளிகளும் கருவிகளும் மாறிக்கொண்டே இருந்ததால் கற்றது ஓரிடத்தில் தங்கவில்லை. உரிமையும் வெளியீட்டுப் பொறுப்பும் தன்னிடமே இருந்தால் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. 2014இல் மிஸ்ட்வாக்கரே வெளியிட்ட மொபைல் கேம் 'டெர்ரா பேட்டில்' நல்ல வரவேற்பைப் பெற்றும், 2020இல் சேவை நிறுத்தப்பட்டது; சேவையகத்தை நம்பியே இயங்கிய கேம் என்பதால் அத்துடன் அது ஆட முடியாததாகிவிட்டது. அதன் இரண்டாம் பாகம் ஓராண்டே தாங்கியது.

ஆப்பிளின் சந்தா கேம் சேவையான ஆப்பிள் ஆர்கேடுக்காக 2021இல் வந்த 'ஃபேன்டேசியன்' இக்காலத்தின் சிறந்த படைப்பு. கைவினைக் கலைஞர்கள் செய்த 150க்கும் மேற்பட்ட சிற்றுருக் காட்சிகளைப் படம் பிடித்து அதன் உலகம் அமைக்கப்பட்டது. வழியில் எதிர்ப்படும் பகைவர்களை உடனே எதிர்கொள்ளாமல் ஒரு கருவியில் சேர்த்து வைத்து, பிறகு மொத்தமாக மோதிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு, இவ்வகை கேம்களில் பல ஆண்டுகளாக இருந்துவந்த அலுப்பை நேரடியாகத் தீர்த்தது. அறுபதை நெருங்கியவரின் புதுச் சிந்தனை அது. அப்போதும் சந்தா செலுத்தும் ஆப்பிள் பயனர்களுக்கு மட்டுமே அது கிடைத்தது. கன்சோல்களுக்கும் கணினிக்கும் 'ஃபேன்டேசியன் நியோ டைமென்ஷன்' என்ற பெயரில் 2024 டிசம்பரில்தான் அது வந்து சேர்ந்தது. வெளியிட்டது ஸ்கொயர் எனிக்ஸ்.