வானொலி கேட்டலும் ஒலிப்பதிவும்: அட்டாளைச்சேனையை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமூகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரிதும் நம்புவன எழுத்துச் சான்றுகளே. கல்வெட்டு, ஓலை, அரசாங்க அறிக்கை, பத்திரிகை என்பன அச்சான்றுகளுட் சில. ஆயின், இருபதாம் நூற்றாண்டிலே மக்களின் கருத்தையும் சுவையையும் உருவாக்கியவற்றுள் ஒரு பெரும்பகுதி எழுத்தாக அன்றி ஒலியாகவே வெளிப்பட்டது. ஒலிபரப்பான மறுகணமே அது காற்றோடு கலந்தது. அவ்வொலியைப் பேணியவர் யாவர், பேண வேண்டியவர் யாவர் என்னும் வினா இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் வரலாற்றில் இன்னும் உரிய கவனத்தைப் பெறவில்லை எனலாம்.

கிழக்கிலங்கையின் அம்பாறைக் கரையோரத்திலே, பாலமுனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையே அமைந்த அட்டாளைச்சேனை இவ்வினாவை ஆராய்வதற்குப் பொருத்தமான ஓர் ஊராகும். வயலும் கடலும் அதன் வாழ்வாதாரங்கள். ஆசிரியர் கலாசாலை அதன் கல்விப் பெருமை. ஆனால் வானொலியைப் பொறுத்தவரை நெடுங்காலம் அது கேட்கும் ஊராக மட்டுமே இருந்தது. 1925ஆம் ஆண்டு டிசம்பரில் கொழும்பு வானொலி தொடங்கியது. 1949இல் இலங்கை வானொலி ஓர் அரசாங்கத் திணைக்களமாயிற்று. மறு ஆண்டில் வர்த்தக சேவை தோன்றியது. 1967இல் அத்திணைக்களம் கூட்டுத்தாபனமாக மாற்றப்பட்டது. இம்மாற்றங்கள் யாவும் தலைநகரிலேயே நிகழ்ந்தன. கலையகமும் ஒலிப்பதிவுக் களஞ்சியமும் அங்கேயே இருந்தன. கரையோரத்து மக்களிடம் இருந்தது வானொலிப் பெட்டி ஒன்றுதான்.

அப்பெட்டியின் வடிவம் மாறியதே இவ்வரலாற்றின் முதற் கட்டமாகும். வால்வுகளால் இயங்கிய பழைய பெட்டி பாரமானது, விலைகூடியது. ஆகவே அது வசதி படைத்தோர் வீட்டுக்கு உரியதாயிற்று. 1947இல் அமெரிக்காவிலே டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டது. 1954இல் கையடக்கமான டிரான்சிஸ்டர் வானொலி விற்பனைக்கு வந்தது. மின்சாரம் எட்டாத இடங்களிலும் சில மின்கலங்களைக் கொண்டு இயங்கத்தக்க இக்கருவி தேநீர்க்கடைக்கும் வயல் வாடிக்கும் வானொலியைக் கொண்டுசென்றது. தமிழில் நிகழ்ச்சிகளை வழங்கிய முஸ்லிம் சேவையும் 1941 முதல் இலண்டனிலிருந்து ஒலித்த பி.பி.சி. தமிழோசையும் இவ்வழியே மக்களைச் சென்றடைந்தன. றமழான் மாதத்திலே நோன்பு துறக்கும் நேரத்துக்கு வானொலியருகே குடும்பம் கூடியிருத்தல் முஸ்லிம் வீடுகளின் வழமையாயிற்று.

எனினும் கேட்டல் வேறு, பேணல் வேறு. இரண்டாம் கட்டம் ஒலிநாடாவுடன் தொடங்குகின்றது. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கசெற் நாடா, பின்னர் வானொலியோடு ஒரே பெட்டியில் இணைக்கப்பட்டபோது, கேட்போன் ஒரு பொத்தானை அழுத்தி ஒலிபரப்பைப் பதியும் ஆற்றலைப் பெற்றான். ஆனால் நாடாவின் ஆயுள் குறுகியது. ஈரமும் உப்புக்காற்றும் மிக்க கரையோரம் அதற்குப் பகையாகும். புதிய பாடலைப் பதியப் பழைய பேச்சை அழிப்பதும் எங்கும் நடப்பதே. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அம்பாறைக் கரையைத் தாக்கியபோது உயிர்களோடும் உடைமைகளோடும் வீடுகளில் இருந்த ஏடுகளும் நாடாக்களும் கடலுக்கு இரையாகின.

நிலையங்களே யாவற்றையும் பாதுகாத்துவிடும் என நம்புவதற்கும் இடமில்லை. செல்வமும் வசதியும் வாய்ந்த பி.பி.சி. நிறுவனமே 1960களிலும் 1970களிலும் தன் தொலைக்காட்சி நாடாக்கள் பலவற்றை அழித்து மீளப் பயன்படுத்தியது. அவ்வாறு இழந்துபோன ‘டொக்டர் ஹூ’ தொடரின் அத்தியாயங்களின் ஒலிவடிவம் இன்று கிடைப்பதற்குக் காரணம், இரசிகர்கள் அதனைத் தம் வீடுகளிலே ஒலிநாடாவிற் பதிந்து வைத்தமையே. நிலையம் அழித்ததைக் கேட்போன் காத்தான் என்னும் இவ்வுண்மை ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது.

மூன்றாம் கட்டம் இணைய வானொலியினதாகும். 1993இல் அமெரிக்காவில் முதல் முயற்சிகள் தோன்றின; 1995இல் வெளிவந்த ரியல் ஓடியோ, முழுக் கோப்பும் வந்து சேரும்வரை காத்திராது ஒலியைத் தொடர்ந்து கேட்க வழிசெய்தது. பண்பலை ஒலிபரப்பின் எல்லை சில பத்துக் கிலோமீற்றர்களே. இணையத்திற்கு அவ்வெல்லை இல்லை. மேலும், இணையத்தில் ஒலி இலக்கங்களாகவே வருவதால் அதனை அவ்வாறே சேமிக்கலாம். பிரதி எடுக்குந்தோறும் தரம் குன்றும் நாடாவின் குறை இதற்கில்லை. விநாடிக்கு 64 கிலோபிற் வேகத்தில் வரும் ஒரு மணிநேர நிகழ்ச்சி ஏறத்தாழ 29 மெகாபைற் இடத்தையே கொள்ளும். எனவே 1 கிகாபைற் கொண்ட ஒரு சிறு பென் டிரைவ் 34 மணிநேர ஒலியைத் தாங்கும். அதற்கு ஈடாக, 60 நிமிட நாடாக்கள் 34 தேவைப்படும்.

இவ்வசதியைச் சாதாரண மக்களிடம் சேர்த்தவை ஸ்ட்ரீம்ரிப்பர், ஸ்கிரீமர் ரேடியோ போன்ற இலவச மென்பொருள்களாகும். பாரிஸ் நகர மாணவர்களின் முயற்சியாக 1996இல் தொடங்கிய வி.எல்.சி.யும் இவ்வரிசையில் அடங்கும். நிலையம் ஒலியோடு இடையிடையே அனுப்பும் தலைப்புக் குறிப்புகளைக் கண்டறிந்து, ஒவ்வொரு பாடலையும் தனிக் கோப்பாகப் பிரிப்பது ஸ்ட்ரீம்ரிப்பரின் திறன். இத்தகைய மென்பொருள்களின் எடுத்துச் செல்லத்தக்க வடிவங்கள் கணினியில் நிறுவப்பட வேண்டியவை அல்ல. பென் டிரைவிலிருந்தே இயங்கித் தம் அமைப்புகளையும் அதிலேயே எழுதிக்கொள்வன. சொந்தக் கணினி இல்லாத மாணவனும் ஆய்வுகூடத்துக் கணினியிலோ இணையக் கடையிலோ அவற்றைப் பயன்படுத்த முடிந்தது. டிரான்சிஸ்டர் வானொலி ஆற்றிய பணியை இவை வேறொரு தளத்தில் ஆற்றின எனலாம். வளைகுடா நாடுகளில் உழைப்போருக்கு இதன் பயன் பெரிது. ஊரில் இரவு 8 மணிக்கு ஒலிக்கும் நிகழ்ச்சி கத்தாரில் மாலை 5.30க்கு, வேலை முடியாத வேளையில், வந்து சேரும். இணையத்தில் அது வரின், பதிந்து வைத்துப் பின்னர் கேட்கலாம்.

இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் பிராந்திய சேவையாகப் பிறை எப்.எம். அட்டாளைச்சேனையிலிருந்து ஒலித்தபோது, கேட்கும் ஊர் பேசும் ஊருமாயிற்று. ஆயின் பேசியவை எஞ்சுமா என்பதே வினா. நிந்தவூர் எஸ். முத்துமீரான் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் கவிகளைத் தொகுத்து நூலாக்கினார். அதனாற் சொற்கள் நிலைத்தன. அக்கவிகளைப் பாடிய பெண்களின் குரலேற்றமும் இராகமும் அச்சில் ஏறுவன அல்ல. பேச்சுமொழியின் ஒலிப்பு, றபான் தாளம், பக்கீர் பைத்தின் ஓசை என்பனவும் அத்தகையனவே. 76 ஆண்டுகள் ஒலித்த தமிழோசை வானொலிச் சேவையே 2017 ஏப்ரல் 30உடன் நின்றுபோனது. ஒரு சிறு பிராந்திய நிலையம் என்றென்றும் நீடிக்கும் என எண்ணியிருத்தல் அறிவுடைமையன்று.

கருவி கிடைத்தமையால் மட்டும் களஞ்சியம் உருவாகிவிடாது. நாளும் நேரமும் நிலையத்தின் பெயரும் பேசியவர் பெயரும் குறிக்கப்படாத ஒலிக்கோப்பு, முதலும் முடிவும் இழந்த ஏட்டினை ஒத்தது. பதிவை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வைத்தலும் வேண்டும். ஆழிப்பேரலை கற்பித்த பாடம் அது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் படைப்பாளிக்கும் ஒலிபரப்பு நிறுவனத்துக்கும் உரிமை வழங்கியுள்ளது. தன் கேள்விக்கெனப் பதிதல் ஒன்று, பதிந்ததை வெளியிடுதலும் விற்றலும் வேறொன்று. இவ்வெல்லையை மதித்து, நிலையங்களின் இசைவுடன் பொதுக் களஞ்சியம் அமைப்பதே முறை.

1995இல் இப்பகுதியில் உயர்கல்வி நிறுவனமொன்று தோன்றியதும், அதுவே தென்கிழக்குப் பல்கலைக்கழகமாக வளர்ந்ததும் இப்பணிக்கு வாய்ப்பான சூழலை அளித்துள்ளன. பல்கலைக்கழக மாணவரும் கலாசாலை ஆசிரியரும் ஊர் நூலகங்களும் ஒன்றிணைந்து, வீடுகளில் எஞ்சியுள்ள நாடாக்களைத் திரட்டுவதும் இன்றைய ஒலிபரப்புகளை முறையாகப் பதிவதும் காலத்தின் தேவையாகும். நாடாவிலுள்ள காந்தப்பூச்சு ஆண்டுதோறும் உதிர்ந்துகொண்டிருக்கின்றது. அக்குரல்களை இன்னாருடையவை என இனங்கண்டு சொல்லவல்ல முதியோரும் குறைந்து வருகின்றனர். இப்பணி தாமதிக்கப்படின், நாளைய வரலாற்றாசிரியன் இக்கரையோர மக்களைப் பற்றிப் பிறர் எழுதியவற்றையே படிப்பான். அம்மக்கள் பேசியதைக் கேட்கும் வாய்ப்பு அவனுக்கு இராது.