ஊர்ப்பெயரில் இல்லாத மரம்

மட்டக்களப்பு வாவியைச் சுற்றியுள்ள ஊர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாருங்கள். பாதிக்கு மேல் மரங்களின் பெயர்களாகவே வரும். நகரத்தின் இதயமான தீவு புளியந்தீவு. அதற்குத் தெற்கே நாவற்குடா, தாழங்குடா, தேற்றாத்தீவு, மகிழூர். படுவான்கரையில் மகிழடித்தீவும் கொக்கட்டிச்சோலையும். வடக்கே போனால் புன்னைக்குடா, மாவடிவேம்பு, இன்னும் வடக்கே பனிச்சங்கேணி. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான இந்த நீர்ப்பரப்பின் கரைகளில் குடியேறிய எம் முன்னோர், எந்த மரத்தின் நிழலில் முதலில் குந்தினார்களோ அதன் பெயரையே ஊருக்கும் சூட்டினார்கள் போலும். புளியை, நாவலை, மகிழை, தேற்றாவை அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். கலங்கிய நீரைத் தெளியவைக்கத் தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் தேய்ப்பது என்ற செய்தியை எனக்குச் சொன்னவர் எழுத்தறியாத ஒரு மூதாட்டி.

இந்த நீண்ட பட்டியலில் ஊசியிலை மரம் ஒன்றுகூட இல்லை. இருக்கவும் முடியாது. இலங்கையின் இயற்கைக் காடுகளில் அவ்வினத்து மரம் எதுவும் இல்லை. தென்னிந்தியாவிலே மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் மாத்திரம் ஒரே ஒரு வகை இயற்கையாக வளர்கிறது. அதுவும் அகன்ற இலையுடையதாகையால், ஊசியிலை மரம் என்று பார்த்தவுடன் எவரும் சொல்லமாட்டார். ஆகவே பைன், சைப்பிரஸ், சீடர் என்பனவெல்லாம் எம்மவர்க்கு முதலில் நூல்களின் வழியே வந்த மரங்கள். தமிழ் வேதாகமம் படித்தவர்களுக்குக் கேதுருவும் தேவதாருவும் பழகிய சொற்கள். ஆனால் ஞாயிறுதோறும் கேதுருவைப் பற்றிக் கேட்ட மட்டக்களப்புக் கிறிஸ்தவர்களில் அதைக் கண்ணால் கண்டவர் எத்தனை பேர்? போதாக்குறைக்கு, எமது உலர்வலயக் காடுகளில் தேவதாரம் என்ற பெயரிலேயே ஒரு சிறுமரம் உண்டு. இமயமலைத் தேவதாருவுக்கும் அதற்கும் எவ்வித உறவும் இல்லை. பெயர் இருந்த இடத்தில் மரம் இல்லை. மரம் வந்தபோது அதற்குரிய பெயர் இல்லை. இந்தக் குழப்பம் இன்றைக்கும் தீரவில்லை என்பதைச் சொல்வதற்கே இவ்வளவு பீடிகை.

இவ்விடத்தில் வாசகர் ஒருவர் சவுக்கடியைச் சுட்டிக்காட்டக்கூடும். ஏறாவூர்ப்பற்றின் கடலோரக் கிராமம் அது. 1990 செப்டெம்பரில் அங்கே நிகழ்ந்த படுகொலையினால் அப்பெயர் வெளியுலகத்துக்குத் தெரியவந்தது. நாவலடி, வேம்படி போல இதையும் பிரித்தால் சவுக்கு, அடி என்றாகும். சவுக்கு ஊசியிலை மரந்தானே என்று கேட்பீர்களானால், அன்று என்பதே விடை. கல்லடிக் கடற்கரையில் காற்றுக்கு இரைந்துகொண்டு நிற்கும் சவுக்கந்தோப்பைப் பார்த்து, ‘பைன் மரங்கள்’ என்று புகைப்படத்தின் கீழ் எழுதும் வெளிநாட்டு உறவினர் பலரை நான் அறிவேன். தோற்றம் அப்படி ஏமாற்றுகிறது. பச்சை ஊசி, கூம்பு போன்ற காய், வருடம் முழுவதும் உதிராத தழை.

சவுக்கின் ‘ஊசி’ ஒன்றைப் பிடுங்கி விரலால் இழுத்தால் கணுக்கணுவாகக் கழன்று வரும். அது இலையன்று, மெல்லிய கிளை. ஒவ்வொரு கணுவிலும் ஆறு முதல் எட்டு வரையான செதில்கள் வட்டமாகப் பல்லுப்போல் ஒட்டியிருக்கும். உண்மையான இலைகள் அவைதான். எங்கள் பாடசாலைத் தாவரவியலின் சொற்களில் கூறினால், சவுக்கு வித்துமூடியுளி, பைன் வித்துமூடியிலி. பூத்துக் காய்ப்பதில் சவுக்கு புளிக்கும் நாவலுக்கும் தூரத்து உறவு. பைனுக்கு உறவே இல்லை. அவுஸ்திரேலியாவும் தென்கிழக்காசியாவும் பசிபிக் தீவுகளும் அதன் தாயகம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர் சென்னை மாகாணத்தின் மணற்பாங்கான கரைகளிலே புகையிரதங்களுக்கு விறகு வேண்டி அதைப் பெருமளவில் நட்டார்கள். வேரில் வாழும் நுண்ணுயிரின் துணையுடன் காற்றின் நைதரசனை எடுத்துக்கொள்வதால், வெறும் மணலிலும் அது பிழைத்துக்கொள்ளும்.

எமது பகுதியில் சவுக்குக்கு மதிப்பைக் கூட்டியவை இரண்டு அழிவுகள். 1978 நவெம்பர் 23ஆம் திகதிய சூறாவளி ஏறத்தாழ ஆயிரம் உயிர்களைக் கொண்டுபோயிற்று. மட்டக்களப்பின் தென்னந்தோட்டங்களில் பெரும்பகுதி ஓரிரவில் சாய்ந்தது. 2004 டிசெம்பர் 26இல், வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல்திட்டிலிருந்த நாவலடியைக் கடல் துடைத்துச் சென்றது. இவற்றின் பின்னர் ‘காற்றுக்கும் அலைக்கும் அரண்’ என்ற பேச்சு எழும்போதெல்லாம் சவுக்கங்கன்றுகளே முதலில் நினைவுக்கு வந்தன. விரைவாக வளரும் என்பது காரணம். அதன் சருகு மூடிய நிலத்தில் வேறெதுவும் எளிதில் முளைக்காது என்பதைப் பலரும் எண்ணிப்பார்க்கவில்லை. அந்தக் கரைக்குப் புன்னையும் தாழையுமே உரியவை என்பது என் கட்சி. ஊர்ப்பெயர்களும் அதைத்தானே சொல்கின்றன?

இனி உண்மையான ஊசியிலை மரத்துக்கு வருவோம். மட்டக்களப்பில் அது கடற்கரையில் இல்லை, வீட்டு வளவுகளிலே இருக்கிறது. பழைய வீடுகளின் முற்றத்தில் கூரையைத் தாண்டி, தட்டுத்தட்டாகக் கிளைவிட்டு, கோயில் தேரின் முடிபோல் ஒடுங்கி நிற்கும் மரத்தைக் கண்டிருப்பீர்கள். ‘கிறிஸ்மஸ் மரம்’ என்பார்கள். அதன் இனம் அரோக்கேரியா. இதற்கும் ஒரு கடல்வழிக் கதை உண்டு.

1774 செப்டெம்பரில் ஜேம்ஸ் குக் தமது இரண்டாவது பெரும்பயணத்தில் நியூ கலிடோனியாவின் கரையை அணுகியபோது, தொலைவில் நெடிய தூண்கள் தெரிந்தன. அவை மரங்கள் என்றனர் மாலுமிகள். கப்பலிலிருந்த இயற்கை அறிஞர்களோ, எரிமலைப் பாறைத் தூண்கள் என்று சாதித்தார்கள். கிட்டப் போனபோது மாலுமிகளின் கண்ணே வென்றது. அடுத்த மாதம், ஒக்டோபர் 10ஆம் திகதி, குக் நோர்போக் தீவைக் கண்டார். அங்கும் அவ்வினத்தின் இன்னொரு வகை வானளாவ நின்றது. பாய்மரக் கப்பல்களின் கடற்படைக்கு நேரான நெடுமரம் கிடைப்பது பொன் கிடைப்பதற்குச் சமம். 1788இல் பிரித்தானியர் நோர்போக்கில் குடியேறியமைக்கு அம்மரமும் ஒரு காரணம். ஆனால் பாய்மரத்துக்கு வேண்டிய உரம் அதற்கில்லை என்பது விரைவிலேயே தெரிந்துவிட்டது. கப்பலுக்கு உதவாத மரம், அழகின் பொருட்டு உலகத்துத் தோட்டங்களுக்கெல்லாம் போயிற்று. இலங்கையில் 1821இல் தொடங்கிய பேராதனைத் தோட்டத்திலே அவ்வினத்துக்கென ஒரு சாலையே உண்டு. மலைநாட்டிலே 1970களிலும் 1980களிலும் அரசு நட்ட பைனசுக் காடுகள் வேறு கதை. அவற்றைப் பற்றிய சச்சரவு தனிக் கட்டுரைக்குரியது.

நோர்போக் மரம் என்று சொல்லி நம்மிடம் விற்கப்படுவது பெரும்பாலும் குக் மரம். நோர்போக் அகன்ற கூம்பு. தட்டுக்குத் தட்டு இடைவெளி விட்டு, நிமிர்ந்து நிற்கும். குக் ஒடுங்கிய தூண். கீழ்க்கிளைகளைத் தானே உதிர்த்துவிட்டு, அடிமரத்திலிருந்து குறுங்கிளைகளை மீண்டும் விடும். அத்துடன் குக் சாயும். 2017இல் வெளியான ஓர் ஆய்வில், ஐந்து கண்டங்களில் 256 குக் மரங்களை அளந்து பார்த்தார்கள். சராசரிச் சாய்வு 8.55 பாகை. வட அரைக்கோளத்து மரங்கள் தெற்கு நோக்கியும், தென் அரைக்கோளத்து மரங்கள் வடக்கு நோக்கியும், அதாவது பெரும்பாலானவை பூமத்திய கோட்டை நோக்கிச் சாய்ந்திருந்தன. பூமத்திய கோட்டிலிருந்து விலக விலகச் சாய்வும் கூடிற்று. மட்டக்களப்பு வட அகலாங்கு எட்டுப் பாகைக்கும் உட்பட்டது. ஆகவே இங்கே சாய்வு சிறிதாகவே இருக்க வேண்டும்.

இந்த ஆராய்ச்சியெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். புளியந்தீவில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், ஒரு மரம் நிற்பதா வீழ்வதா என்பதை இவைதான் முடிவு செய்தன. சூறாவளிக்கு அடுத்த ஆண்டு, வளவிலே தென்னை எல்லாம் போன வெறுமையில், அந்த வீட்டுக்காரர் ஒரு தகரப் பேணியில் கொண்டுவந்து வைத்த கன்று அது. அவர் காலமாகிவிட்டார். பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும். மரம் தென்புறச் சமையற்கட்டின் பக்கம் சற்றே சரிந்திருப்பதைக் காணொளியில் பார்த்துவிட்டு, ‘அம்மா தனியே இருக்கிறா, பாதியோடு வெட்டிவிடுங்கள்’ என்று பணமும் அனுப்பிவிட்டார்கள். அவர்களுடைய பயம் நியாயமானது. சூறாவளியில் மரம் விழுந்து ஆள் செத்த ஊர் இது.

வந்த தொழிலாளி கைதேர்ந்தவர். மேலே ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்:

“தலையைத் தறிச்சிட்டாச் சரி அம்மா. பூவரசு மாதிரிப் பக்கத்தால தழைச்சிரும்.”

அவரைக் குறைசொல்ல முடியாது. எமது வேலிகள் முழுவதும் அந்த அறிவினால் ஆனவை. பூவரசு, கிளுவை, முருங்கை, கிளிசரிடியா ஆகியவற்றை எங்கே வெட்டினாலும் அங்கே தளிர்க்கும். வெட்ட வெட்டத்தான் வேலி அடர்த்தியாகும். ஆனால் அந்த அம்மையார் ஒரு கேள்வி கேட்டார்.

“தென்னைக்கும் அப்பிடிச் செய்வியா மனே?”

தொழிலாளி சற்று நேரம் பேசவில்லை. ஓர் ஊருக்குள்ளேயே இரண்டு கவ்வாத்து நூல்கள் எழுதப்படாமல் இருக்கின்றன என்பதை நான் அன்றுதான் முழுதாக உணர்ந்தேன். வேலிமரத்துக்கு ஒன்று, தென்னைக்கு மற்றது. குருத்தை வெட்டினால் தென்னை போயிற்று என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். அரோக்கேரியா இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. தலைக்குருத்தை இழந்தால் அது சாகாது. ஆனால் பக்கக்கிளை தலைக்குருத்தாக மாறுவதுமில்லை. பக்கக்கிளையை வெட்டித் தனியே வேர்விடச் செய்தாற்கூட, அது ஆயுள் முழுவதும் கிடையாகவே வளரும், நிமிராது. தலைபோன மரம் வெட்டுக்குக் கீழே அடிமரத்தில் ஒளிந்திருக்கும் மொட்டுகளிலிருந்து இரண்டு, மூன்று புதிய குருத்துகளை விடும். அவை ஒன்றோடொன்று போட்டியிட்டு உயரும். அடிமரத்தோடு அவற்றின் பிடி உறுதியற்றது. பத்து வருடங்களுக்குப் பின் வரும் வடகீழ்ப் பருவக்காற்றில் முறிந்து விழப்போவது அவைதான். அதாவது, ஆபத்தைக் குறைக்கச் செய்த வெட்டு ஆபத்தைத் தவணை முறையில் திருப்பிக் கொண்டுவரும். பாதியில் வெட்டுவதிலும் பார்க்க அடியோடு வெட்டிவிடுவது மேல். வீட்டுச் சுவரை ஒட்டி நிற்கும் மரமாயின் நானும் அதையே சொல்லியிருப்பேன்.

அந்த மரம் குக் வகை. தெற்கு நோக்கிய சிறு சாய்வு இளமையிலிருந்தே இருந்ததை 1990களில் எடுத்த குடும்பப் படம் ஒன்று காட்டிற்று. அடியிலே மண் கிளம்பவில்லை, வேர்ப்பக்கத்தில் வெடிப்பில்லை, அடிமரத்தைத் தட்டினால் பொள்ளல் ஓசையும் இல்லை. இவற்றில் ஏதாவது ஒன்று மாறாக இருந்திருந்தால், அல்லது சாய்வு சென்ற மழைக்குப் பின் புதிதாக ஏற்பட்டிருந்தால், தாமதியாமல் அகற்றியிருக்க வேண்டும்.

பிறகு நடந்தது சாதாரண வேலை. காய்ந்த கிளைகளையும் கூரையில் உரசிய இரண்டு தட்டுகளையும் எடுத்தார்கள். கிளை அடிமரத்தோடு சேருமிடத்தில் சற்றே புடைத்த கழுத்து இருக்கும். அதை விட்டுவைத்து, அதற்கு வெளியே அறுக்க வேண்டும். கழுத்தோடு சீவினால் புண் ஆறுவது கடினம். பாரமான கிளையானால் ஓரடி தள்ளி முதலில் கீழிருந்து பாதி அறுத்து, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்து வீழ்த்தி, கடைசியில்தான் எஞ்சிய முண்டை எடுப்பது. இல்லாவிட்டால் விழும் கிளை பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். மொத்தத்தில் பச்சையின் நாலிலொன்றுக்கு மேல் குறைக்கவில்லை. உச்சியைத் தொடவேயில்லை.

தூஜா எனப்படும், விசிறிபோல் தட்டையான தழையுடைய சீனத்துச் சிறுமரம் வைத்திருப்போருக்கும் ஒரு வார்த்தை. அது முற்றத்தில் பெருத்துப் படலையை மறைத்துவிட்டது என்று உள்மரம் தெரியுமட்டும் வெட்டிவிடாதீர்கள். பச்சைத் தோலுக்கு உள்ளே இருப்பது இலையற்ற காய்ந்த கிளைக்கூடு. அங்கே மறுதளிர் வராது. வெட்டிய பள்ளம் பள்ளமாகவே நிற்கும். வருடாவருடம் பச்சை நுனியை மாத்திரம் கிள்ளிக்கொண்டு வருவதே வழி. சவுக்கோவெனில், இளமையில் கத்தரித்தால் வேலியாகவும் நிற்கும். முதிர்ந்ததை அடியோடு தறித்தால் பெரும்பாலும் மீண்டும் துளிர்ப்பதில்லை.

எதுவாயினும் ஆவணி, புரட்டாதியோடு முடித்துவிடுவது நல்லது. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் ஈர அடிமரத்தில் ஏறுவது ஆபத்து. கார்த்திகையில் காற்று என்ன செய்யும் என்பதை 1978ஐக் கண்டவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.