நியமனம் முதலில், கலாசாலை பிறகு

கண்டியைச் சுற்றிக் கல்விக்கான இடங்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. 1872இல் திரினிட்டி கல்லூரி தொடங்கியது. 1942இல் உருவான இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்கு வந்தது. ஆனால் அங்கிருந்து அதிகத் தூரம் இல்லாத கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்களின் பிள்ளைகளுக்கு இவை தெரிந்த கட்டடங்கள், அவ்வளவே. வயது வந்த பிறகு படித்து வேறு தொழிலுக்குப் போகும் பாதை, மலையகத் தமிழரிடையே பெருமளவில் ஒரே ஒரு தொழிலில்தான் திறந்தது. அது ஆசிரியத் தொழில். அந்தப் பாதை திறந்ததற்குக் கல்லூரி வாசல் திறந்திருந்தது மட்டும் காரணம் அல்ல. படிக்க வருபவருக்கு வேலையும் சம்பளமும் முன்கூட்டியே கையில் இருந்ததுதான் காரணம் என்பது என் வாதம்.

பின்னணியைப் பார்த்தால் இது விளங்கும். 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமாரிடம் விட்டது. கொழுந்து எடுக்கும் கைகள் குறைவதில் துரைக்கு என்ன லாபம்? பெரும்பாலான தோட்டப் பள்ளிகள் ஓர் அறையும் ஓர் ஆசிரியருமாக, ஐந்தாம் வகுப்போடு நின்றன. 1945இன் இலவசக் கல்வி அவற்றை உடனே எட்டவில்லை. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமோ மலையகத் தமிழரில் பெரும்பாலோரைக் குடியுரிமையற்றவர்களாக்கி, அரசாங்க உத்தியோகத்தின் கதவையே அடைத்தது. எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாகி, பள்ளிகளும் படிப்படியாக அரசின் கைக்கு வந்தபோது கண்முன் நின்றது ஆசிரியர் பற்றாக்குறைதான். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் நியமிக்கப்பட்டு வந்தவர்களில் பலர் இடமாற்றம் கேட்டுக்கொண்டே இருந்தனர். அவர்களைக் குறை சொல்ல முடியாது: குளிர், லயத்துப் பக்கத்துக் குடியிருப்பு, தூரம்; 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு பயமும் சேர்ந்துகொண்டது.

எனவே எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தோட்டப்புறத்திலேயே படித்துத் தேறிய இளைஞர்களும் யுவதிகளும் ஆசிரியர்களாக நியமிக்கப்பட்டனர். பயிற்சி பிறகுதான் வந்தது. தொலைக்கல்விப் பயிற்சியில் சேர்ந்தவர்கள் வாரநாளில் வகுப்பில் நின்று படிப்பித்துவிட்டு, இரவில் பாடத்தொகுதியை வாசித்து, விடுமுறையில் தொடர்பு வகுப்புக்குப் போனார்கள். மற்றவர்கள் சம்பளத்துடன் கொட்டகலை ஆசிரியர் கலாசாலைக்குச் சென்றனர். முன்பு யாழ்ப்பாணத்துப் பலாலி வரை போகவேண்டியிருந்த படிப்பு மலைநாட்டுக்குள்ளேயே, தமிழிலேயே கிடைத்தது. சுவீடனின் உதவி தோட்டப் பாடசாலைத் திட்டத்துக்கும், ஜெர்மனியின் உதவி பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்கும் வந்தது. இந்த ஏற்பாட்டில் நான் பெரிதாக மதிப்பது ஒன்றைத்தான்: படிக்கும் காலத்தில் வீட்டில் அடுப்பு அணையவில்லை. குடும்பத்தைச் சுமப்பவர் மூன்று வருடம் வருமானமின்றி இருக்க முடியாது என்பது கல்வித் திட்டம் போடுபவர்களுக்கு இன்றும் எளிதில் மறந்துபோகும் உண்மை.

பயிற்சி பெறாதவர்களை வகுப்பில் விட்டதால் பிள்ளைகள் பாதிக்கப்பட்டார்கள் என்று சொல்வோர் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. பயிற்சிக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களின் வகுப்புகளில் அந்த இழப்பு உண்மையானதே. ஆனால் அன்றைக்கு அந்த இளைஞருக்கு மாற்றாகப் பயிற்றப்பட்ட ஆசிரியர் எவரும் வரிசையில் நிற்கவில்லை; மாற்று, பூட்டிய வகுப்பறைதான். தவறு நியமனத்தில் இல்லை, பயிற்சி தாமதித்ததில்தான். இந்த வழி முறிந்தபோது என்ன ஆனது என்பதற்கும் சான்று இருக்கிறது. 2015ஐ ஒட்டி மலையகப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் உதவியாளர்கள் நியமிக்கப்பட்டனர். வேலை முழு ஆசிரியரின் வேலை. மாதக் கொடுப்பனவோ முதலில் 6,000 ரூபாய், பிறகு 10,000. அதில் பஸ் கட்டணம் கொடுத்து, கலாசாலைப் படிப்பையும் முடிக்கச் சொன்னார்கள். உருவம் பழையது, அதற்கு உயிர் கொடுத்த சம்பளம் இல்லை.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது: க.பொ.த. சாதாரண தரம் வரை போக முடிந்தவர்களுக்கே இந்தப் பாதை உதவியது. பதினைந்து வயதில் பிரட்டுக்கு, அதாவது தோட்ட வேலைக்கு, போன பெண்ணுக்கு, இன்று நாற்பது வயதில், இதனால் என்ன கிடைத்தது? ஒன்றும் இல்லை. ஆனால் அவருக்கான கருவிகளும் கண்டியில் இருக்கவே செய்கின்றன. பொல்கொல்லையில் பிராந்திய நிலையம் வைத்திருக்கும் திறந்த பல்கலைக்கழகம், முன்தகைமை இல்லாத பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் அடிப்படைப் பாடநெறிகளை நடத்தி வந்திருக்கிறது. தேசியத் தொழிற்தகைமை முறையில், வேலை செய்து கற்ற திறனைச் சோதித்துச் சான்றிதழ் வழங்க இடமுண்டு. தையலோ சமையலோ முதியோர் பராமரிப்போ தெரிந்தவர் மீண்டும் முதல் வகுப்பிலிருந்து தொடங்கத் தேவையில்லை. இல்லாதது ஆசிரியர்களுக்குக் கிடைத்த அந்த மற்றப் பாதி: படிக்கும் நாளையும் கூலி நாளாகக் கணக்கெடுத்துப் பேர் போட்டுக் கொடுக்கும் தோட்ட நிர்வாகம், தமிழில் நடக்கும் மதிப்பீடு, புசல்லாவைக்கும் தெல்தோட்டைக்கும் தேடி வரும் வார இறுதி வகுப்பு, முடித்தவரை ஏற்கச் சம்மதித்த ஒரு வேலைத்தலம். கண்டித் தொழில்நுட்பக் கல்லூரியும் பொல்கொல்லை நிலையமும் இவற்றில் முதலில் கேட்டு வாங்கவேண்டியது அந்தக் கூலி நாளைத்தான்.